குடித்தனக்காரரின் ரிஷிமூலம்

அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸை ஒட்டிய புறநகர் ஒலிவோஸ். அங்கே சாகபூகோ தெருவில் ஒரு சாதாரண வீடு. 1958-இல் அந்த வீட்டு மின்சார மீட்டர்களில் இரண்டு பெயர்கள் இருந்தன: டகோட்டோ, கிளெமென்ட். சொத்துப் பதிவேட்டில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர் ஷ்மிட். இந்த மூன்று பெயர்களையும் வைத்துக்கொண்டு ஒருவர் கணக்குப் போட்டார். கண் பார்வை இழந்தவர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அவர் பெயர் லோதர் ஹெர்மன். ஷ்மிட்தான் முகத்தை மாற்றிக்கொண்ட அடால்ஃப் ஐக்மன் என்று அவர் முடிவுகட்டினார். லட்சக்கணக்கான யூதர்களை ரயிலேற்றிக் கொலைக்களத்துக்கு அனுப்பிய அதே ஐக்மன்.

வீடு சரி, ஆள் தப்பு. ஐக்மன் அந்த வீட்டின் சொந்தக்காரர் இல்லை, வாடகைக்குக் குடியிருந்தவர். மீட்டரில் இருந்த கிளெமென்ட் அவர்தான்.

ஹெர்மன் இந்த வீட்டைக் கண்டுபிடித்ததே ஒரு பழக்கத்தால்தான். அவர் குடும்பமும் முன்பு ஒலிவோஸில்தான் இருந்தது. மகளோடு ஒரு ஜெர்மன் இளைஞன் பழகினான். ஐக்மன் என்ற குடும்பப் பெயரை அவன் மறைக்கவில்லை, யூதர்களை ஏசுவதையும் மறைக்கவில்லை. பின்னர் ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்குச் செய்தியில் அதே பெயர் காதில் விழுந்ததும் ஹெர்மனுக்குப் பொறி தட்டியது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பவருக்குக் கடிதம் எழுதினார். தம் நாட்டு அதிகாரிகளையே நம்பாத பவர் செய்தியை இஸ்ரேலிடம் சேர்த்தார். அதன் உளவு அமைப்பான மொசாட் அனுப்பிய ஆள் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய நாஜி இவ்வளவு ஏழ்மையான வீட்டிலா இருப்பான் என்று உதட்டைப் பிதுக்கினார். ஷ்மிட் ஐக்மன் இல்லை என்று தெரிந்ததும் கோப்பை மூடிவிட்டார்கள். 1959 இறுதியில் பவருக்கு வேறொரு வழியாக ஒரு துப்பு கிடைத்தது: ஐக்மன் இப்போது வைத்திருக்கும் பெயர் ரிக்கார்டோ கிளெமென்ட். அந்தப் பெயர் ஒன்றரை ஆண்டாகக் கோப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. 1960 மே 11 அன்று ஐக்மன் பிடிபட்டார்.

பக்கத்துவீட்டுத் துப்பறிதல் என்று ஒன்று உண்டா, அது வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு என் பார்வையில் இந்த வழக்கைவிட நல்ல தொடக்கம் இல்லை. கதைகளிலும் சினிமாவிலும் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. மாடி அறைக்குக் குடிவந்தவன்தான் தொடர் கொலைகாரனோ என்று வீட்டுக்காரம்மா பதறும் ‘தி லாட்ஜர்’ நாவல் 1913-இல் வந்தது. 1927-இல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். 1954-இல் ‘ரியர் விண்டோ’வில் கால் உடைந்த புகைப்படக்காரர் ஜன்னல் வழியே எதிர்வீட்டுக் கொலையைக் கண்டுபிடித்தார். கதையில் அண்டைவீட்டார் சந்தேகப்படத் தொடங்கினாலே ஏதோ இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் கதையே இல்லை. நிஜத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது.

நிஜ வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அண்டைவீட்டாரிடம் இருப்பது பாதி மட்டும்: முகம், நடை, எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, யார் வந்து போகிறார்கள். மறுபாதி வேறெங்கோ இருக்கிறது: ஒரு கோப்பில், ஒரு பழைய புகைப்படத்தில், வேறு ஊர்க்காரரின் நினைவில். இரண்டும் சந்தித்தால் உண்மை வெளிவரும். மறுபாதி கிடைக்காதபோது அதைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர்கள் ஏறக்குறைய எப்போதும் தப்பான வாசலைத்தான் தட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வைட்டி பல்ஜர் வழக்கு இதற்கு அப்பட்டமான சான்று. பாஸ்டன் நகரத்து தாதா. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் முன்னாள் அதிகாரி ஒருவரே எச்சரித்ததால் 1994 இறுதியில் தலைமறைவானார். 1999-இல் எஃப்பிஐயின் முதல் பத்துப் பேர் பட்டியலில் ஏறினார். தலைக்கு வைத்த விலை பின்னாளில் 20 லட்சம் டாலராக உயர்ந்தது. அவரைத் தேடி ஐரோப்பா வரை ஆள் போனது. அவரோ கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், கடற்கரைக்கு நாலு எட்டில், பிரின்சஸ் யூஜினியா என்ற மூன்று மாடி அடுக்ககத்தில் சார்லி காஸ்கோ என்ற பெயரில் குடியிருந்தார். கூடவே துணைவி கேத்தரின் கிரேக், ‘கரோல்’ என்ற பெயரில். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால் மாதம் 1,145 டாலர்தான் வாடகை. ரொக்கமாகவே கட்டினார். அடுக்கக மேலாளர் பக்கத்து வீட்டிலேயே இருந்த இளைஞர். கிழவர் அவருக்குப் பரிசெல்லாம் கொடுத்துப் பழகினார். சுவருக்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர் நோட்டும் சுமார் 30 துப்பாக்கிகளும் இருந்தது அந்த இளைஞருக்குத் தெரியாது.

இத்தனை ஆண்டில் அங்கே யாரும் துப்பறியவில்லை. வாடகையை ரொக்கமாகக் கட்டும் கிழவர், பகலிலும் மூடியிருக்கும் திரைச்சீலை, விருந்தாளியே வராத வீடு — நம் ஊராக இருந்தால் இந்நேரம் மூன்று கதை கட்டியிருப்போம். அவர்களைக் காட்டிக்கொடுத்தது ஒரு பூனை. கவனிக்க ஆளில்லாமல் போன டைகர் என்ற பூனைக்குக் கேத்தரின் தினமும் தெருவில் வைத்துச் சோறு போட்டார். அந்தப் பக்கம் நடந்து போகும் ஒரு பெண் நின்று பேச்சுக் கொடுத்தார். ஒருகாலத்தில் மிஸ் ஐஸ்லாந்து பட்டம் வென்றவர். ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்குவார். 2011 ஜூனில் எஃப்பிஐ உத்தியை மாற்றி, பல்ஜரை விட்டுவிட்டுக் கேத்தரினைக் குறிவைத்தது. பகல்நேரத் தொலைக்காட்சியில் பெண்கள் பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே, இவருக்குப் பிராணிகள் என்றால் உயிர், பல் மருத்துவரிடம் அடிக்கடி போவார் என்று விளம்பரம் போட்டது. அது பற்றிய செய்தி ஐஸ்லாந்தில் இருந்த அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டது. ஜூன் 22 அன்று 81 வயது பல்ஜரை, கீழ்த்தளத்தில் உங்கள் சாமான் அறைப் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று அழைத்து இறக்கிப் பிடித்தார்கள்.

சந்தேகக் கண்ணோடு பார்த்திருந்தால் அந்தப் பெண் கேத்தரினோடு நின்று பேசியிருக்கவே மாட்டார். ஹெர்மனின் மகள் கதையும் அதேதான். சிநேகம் முதலில் வந்தது, செய்தி பிறகு வந்தது. உளவு பார்த்து யாரும் அந்த முகத்தை மனதில் இருத்திக்கொள்ளவில்லை.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் நடந்தது இன்னும் விசித்திரம். போஸ்னியப் போரின் படுகொலைகளுக்காக 1995-இல் சர்வதேச நீதிமன்றம் குற்றம் சாட்டிய ரதோவான் கராஜிச், 2008 ஜூலையில் ஒரு பேருந்தில் கைதானபோது நீண்ட வெள்ளைத் தாடியும் உச்சந்தலையில் கட்டிய குடுமியுமாக இருந்தார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் டாக்டர் டிராகன் டாபிச், மாற்று மருத்துவர், ஆரோக்கியப் பத்திரிகையில் எழுதுபவர், மேடையேறிச் சொற்பொழிவும் ஆற்றுபவர். வீட்டுக்குப் பக்கத்தில் ‘பைத்தியக்கார வீடு’ என்ற பெயரில் ஒரு மதுக்கடை. அங்கே போய் உட்கார்ந்து, குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வாசித்தும் இருக்கிறார். அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருந்த நாயகர் படங்களில் ஒன்று கராஜிச்சுடையது! தன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து வாசித்தவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒளிகிறவன் இருட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பான் என்ற நம் எதிர்பார்ப்பை இந்த மனிதர் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்.

அண்டைவீட்டார் அளப்பது வினோதத்தை. கடந்த காலத்தை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. ஒளித்து வைக்க நிஜமாகவே ஏதேனும் உள்ளவர் வினோதமாகத் தெரியாமல் இருக்க உழைப்பார். வாடகையைத் தேதி தவறாமல் கட்டுவார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். அந்த உழைப்பு தேவைப்படாத அப்பாவிதான் அழுக்கு லுங்கியோடு மாடியில் நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார்.

இந்த அளவுகோல் எவ்வளவு கொடூரமாகத் தவறும் என்பதை 2010 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் காட்டியது. ஒரு வீட்டில் குடியிருந்த இளம்பெண் காணாமல் போனார். கிறிஸ்துமஸ் அன்று உடல் கிடைத்தது. சந்தேகம் வீட்டு உரிமையாளர் மேல் விழுந்தது. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கல்யாணமாகாதவர், தலைமுடி ஒரு தினுசாக இருக்கும், கவிதை பிடிக்கும். பத்திரிகைகளுக்கு இது போதாதா? போலீஸ் கைது செய்ததும் பழைய மாணவர்கள், தெருக்காரர்கள் என்று பலரும் சொன்னதைத் திரட்டி அவரைக் கொலைகாரராகவே ஆக்கிவிட்டார்கள். கொன்றவர் அதே கட்டடத்தில் பக்கத்துப் பாகத்தில் குடியிருந்த வின்சென்ட் டபாக் என்ற பொறியாளர். நல்ல வேலை, அமைதியான சுபாவம், கூட வாழும் பெண் என்று எந்த அளவுகோலுக்கும் பொருந்தி வரக்கூடியவர். அது மட்டுமா? கொலை நடந்த இரவில் உரிமையாளரின் கார் இடம் மாறியிருந்தது என்று போலீசுக்குப் போன் போட்டுச் சொன்னவரும் அவரேதான். பொறுப்புள்ள அண்டைவீட்டாரின் வேஷத்தைக் கொலைகாரனே போட்டுக்கொண்டான். 2011-இல் டபாக்குக்கு ஆயுள் தண்டனை. எட்டு நாளிதழ்கள் அந்த ஆசிரியருக்கு இழப்பீடு கொடுத்தன. அவற்றில் இரண்டுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதமும் விழுந்தது. ஒலிவோஸில் குடித்தனக்காரர் செய்ததற்கு வீட்டுக்காரரைச் சந்தேகித்தார்கள், பிரிஸ்டலிலும் அதே.

அண்டைவீட்டாரின் கண்ணை அரசாங்கம் தனக்குக் கடன் வாங்கிக்கொள்ளும்போது நடப்பது வேறு. நாஜி ஜெர்மனியின் ரகசிய போலீசான கெஸ்டாபோவின் வூர்ட்ஸ்பர்க் கோப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் கெல்லட்லி, 1990-இல் வெளிவந்த நூலில், கெஸ்டாபோ எல்லா இடத்திலும் ஆள் வைத்திருந்தது என்ற நம்பிக்கையை உடைத்தார். ஆட்கள் குறைவு, மக்களே தேடி வந்து காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் புகார்களில் பலவற்றுக்கு அடியில் அரசியல் இல்லை. சொந்தப் பகையும் சொந்த லாபமும் இருந்தன. பின்னால் கிழக்கு ஜெர்மனி இதை ஒரு நோட்டுப் புத்தகமாக்கியது. ஒவ்வொரு குடியிருப்பிலும் ‘வீட்டுப் புத்தகம்’ என்று ஒன்று. குடியிருப்பவர் விவரம் அதில் இருக்கும். மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளி பெயரும் ஏற வேண்டும். அதைப் பராமரித்தவர் கட்டடத்திலேயே குடியிருந்த ஒருவர். ஆபத்தில்லாத சமையல் குறிப்பு நோட்டு மாதிரி இருக்கும். அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை போலீசுக்கு இருந்தது.

இதுவரை பார்த்தவை குற்றம் இருந்த, அல்லது இருப்பதாக நினைத்த வழக்குகள். ஒளித்து வைத்திருந்தவரிடம் குற்றமே இல்லாவிட்டால்?

சிகாகோவின் ஹென்றி டார்கர் மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர். சுமார் 40 ஆண்டுகள் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். குப்பைத் தொட்டிகளைக் கிளறுவார். பேச்சுக் கொடுத்தால் தட்பவெப்பம் பற்றி மட்டும் பேசுவார். ஆனால் மூடிய அறைக்குள்ளிருந்து பல குரல்கள் சண்டை போடும் சத்தம் கேட்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்; எல்லாக் குரலும் அவருடையதுதான். வயதாகி 1972 இறுதியில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது அறையை ஒழிக்கப் போனவர்கள் 15,145 பக்கம் கொண்ட ஒரு கற்பனைப் போர்க்காவியத்தையும் நூற்றுக்கணக்கான ஓவியங்களையும் கண்டார்கள். வீட்டுக்காரர் நேதன் லெர்னர் புகைப்படக் கலைஞர். அதனால் அவை குப்பைக்குப் போகாமல் பிழைத்தன. 1973-இல் டார்கர் இறந்தார். இன்று அவர் ஓவியங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 2022-இல் தூரத்து உறவினர்கள் லெர்னர் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். குடித்தனக்காரர் விட்டுப் போன ரகசியம் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகுமா என்பதுதான் அதன் சாரம். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

டார்கரின் ரகசியமாவது அறையிலேயே கிடந்தது. ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட்லேக் ஊரில் 2002 ஜூலையில் தன் அடுக்கக வீட்டில் தற்கொலை செய்துகொண்ட ஜோசப் நியூட்டன் சாண்ட்லர் தன்னைப் பற்றி எதையுமே விட்டுவைக்கவில்லை. வங்கியில் 82,000 டாலர். வாரிசைத் தேடப் போனபோது, அந்தப் பெயருக்குரிய நிஜ சாண்ட்லர் 1945-இல் டெக்சஸில் ஒரு கார் விபத்தில் எட்டு வயதில் இறந்த சிறுவன் என்று தெரிந்தது. 1978-இல் இந்த மனிதர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தவை எல்லாம் வினோதங்கள்: மணிக்கணக்கில் வெற்று இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார், ஒருமுறை மெய்ன் மாநிலத்தில் ஒரு கடைக்குப் போக நூற்றுக்கணக்கான மைல் காரோட்டி, அங்கே நிறுத்த இடமில்லை என்று அப்படியே திரும்பிவிட்டார். வெறும் வாயை மெல்லுபவர்களுக்கு அவல் கிடைத்தது. தப்பியோடிய நாஜி என்றார்கள். கலிஃபோர்னியாவைக் கலக்கிய ஸோடியாக் கொலைகாரன் என்றார்கள்.

2018 ஜூனில் மரபணு வம்சாவளி முறை விடை சொன்னது. 2000-இல் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையில் மருத்துவமனை சேமித்து வைத்திருந்த திசுத் துணுக்கிலிருந்து மரபணு கிடைத்தது. அவர் பெயர் ராபர்ட் ஐவன் நிக்கல்ஸ். இந்தியானா மாநிலத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் ஆரன் வார்ட் என்ற போர்க்கப்பலில் இருந்து 1945-இல் ஒகினாவா அருகே காயப்பட்ட மாலுமி. 1964-இல் மனைவி மக்களை விட்டுப் போனவர். மறு ஆண்டில் மகனுக்கு ஒரு கடித உறை வந்தது, உள்ளே ஒரே ஒரு பென்னி காசு. நாஜியும் இல்லை, ஸோடியாக்கும் இல்லை. எதற்காகப் பெயர் மாற்றினார் என்பது இன்றுவரை தெரியாது. எனக்கு இதில் நெருடுவது அந்த மர்மம்கூட இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் கொலைகாரன் என்று எழுதியவர்கள் யாரும் அதைத் திரும்பப் பெற வேண்டிய நிலை வரவில்லை என்பதுதான்.

மறுபாதி வேறெங்கோ இருக்கிறது என்றேன். இப்போது அதை யார் வேண்டுமானாலும் கையிலிருக்கும் போனிலேயே தேடலாம். 30 ஆண்டு தலைமறைவாக இருந்த ஜெர்மன் இடதுசாரித் தீவிரவாத அமைப்பான செம்படைக் குழுவின் டேனியேலா கிளெட்டே 2024 பிப்ரவரியில் பெர்லினின் க்ரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் கைதானார். அங்கே அவர் பெயர் கிளாடியா. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர். பிரேசிலின் கபோயெரா ஆட்டத்தில் தேர்ந்தவர். அவர் வீட்டில் ஆயுதங்கள் கிடைத்ததும் குடியிருந்த மற்றவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. போலீசுக்கு முன்பே, 2023-இல், ஒரு பத்திரிகையாளர் பழைய புகைப்படத்தை முகம் தேடும் இணையச் சேவை ஒன்றில் போட்டுக் கபோயெராக் குழுப் படங்களில் இந்த முகத்தைக் கண்டெடுத்திருந்தார். போலீஸ் அப்படிப்பட்ட சேவையைப் பயன்படுத்தலாமா என்று ஜெர்மனியில் விவாதம் நடந்தது. தனிமனிதர் பயன்படுத்துவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

சென்னைக்கு இந்தக் கேள்வி 2012-இல் துப்பாக்கிச் சத்தத்தோடு வந்தது. பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. சந்தேக நபரின் காணொளியைப் போலீஸ் தொலைக்காட்சிகளில் ஓடவிட்டது. பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மோதல் உண்மையா என்று மனித உரிமையாளர்கள் அப்போதே கேட்டார்கள். அந்தக் கையோடு, குடித்தனக்காரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. கொல்லப்பட்டவர்கள் வட மாநிலத்தவர் என்பதால், அவர்களைப் போன்றவர்களுக்கு வீடு கிடைப்பது இன்னும் சிரமமானது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் எழுத்துப்பூர்வமான, பதிவு செய்த ஒப்பந்தத்தைக் கேட்கிறது. காகிதம் சரியான இடத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாதித் தகவல் வைத்திருப்பவர் அதை மறுபாதி இருக்கும் இடத்தில் சேர்ப்பதுதான் ஹெர்மன் செய்த சரியான காரியமும்.

நம் அடுக்ககங்களில் காகிதம் அங்கே நிற்பதில்லை. புது ஆள் வந்தால் புரோக்கர் ஒரு கதை சொல்கிறார், வாட்ச்மேன் ஒரு கதை சொல்கிறார். செயலாளர் ஆதார் நகலை வாங்கி வைக்கிறார். கேட்டில் எடுத்த படம் வாட்ஸப் குழுவுக்கு வருகிறது. “த்ரீ பி-ல புதுசா வந்திருக்காங்களே, ஹஸ்பெண்ட் எங்கே சார்?” என்று ஒருவர் கேட்கிறார். தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா விசாரிச்சு சொல்லுங்க என்று இன்னொருவர் அந்தப் படத்தை அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறார்.

கடந்த காலத்தை மறைத்து வாடகைக்கு வருபவர் என்றதும் நமக்கு பல்ஜர் ஞாபகம் வருகிறார். அடிக்கிற கணவனிடமிருந்து இரண்டு பெட்டியோடு வந்தவள், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு அண்ணன் தம்பிகளுக்குத் தெரியாமல் குடித்தனம் வைத்த ஜோடி, ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவின் பெயரையும் கேட்பார்கள் என்று பயந்து பேச்சை மாற்றுகிறவர் — இவர்களும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள்தான். இந்த மாநிலத்தில் சாதி மாறிக் காதலித்த குற்றத்துக்கு ஆணவக் கொலைகள் நடந்திருக்கின்றன. அந்த ஜோடியைப் பொறுத்தவரை, நம் கையில் இருக்கும் பாதியை எந்தக் கையில் கொடுக்கிறோம் என்பதில் அவர்கள் உயிர் இருக்கிறது. போலீஸ் நிலையத்துக்குப் போகும் படிவத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு முத்திரையும் ஒரு பொறுப்பாளரும் உண்டு. நாலாவது குழுவுக்குப் போய்விட்ட படத்தை யார் பார்த்தார்கள், பார்த்தவர் யாருடைய அண்ணன் என்பதைச் செயலாளரால் சொல்ல முடியாது.